அடித்தது ஆளா, ஆயுதமா?

சீசன் கூட்டம் இறங்கிப்போய் ஊட்டி ரோடு காலியானதும் மழை பிடித்துக்கொள்கிறது, மழை பிடித்ததும் எல்லோரும் போனும் கையுமாகப் போர்வைக்குள் போய்விடுகிறார்கள் போல. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆன்லைன் கேம் சண்டையைப் பற்றித்தான். எல்லாவற்றிலும் சாரம் ஒன்றே: தோற்றேன், ஆனால் தப்பு என்னுடையது இல்லை. சரி, யாருடையது என்று பார்த்துவிடலாம்.

கேள்வி: மொபைலில் ஒரு ஆர்பிஜி (ஒரு பாத்திரத்தை எடுத்து வளர்த்துச் சண்டை போடும் கேம்) விளையாடுகிறேன் அண்ணா, என் கிளாஸ், அதாவது பாத்திர வகை, வாள் வீரன். என் லெவலிலேயே இருக்கும் ஒருத்தன், காசு போட்டுக் கியர் (ஆயுதம், கவசம்) வாங்கியவன், எங்கே பார்த்தாலும் என்னை அடித்துப் போட்டுவிட்டுப் போகிறான். அவன் கியர் என்னுடையதைவிட 20 சதவீதம்தான் அதிகம். "வெறும் 20 சதவீதத்தைத் திறமையால் சமாளிக்க முடியாதா, நீ நூப்" என்று நண்பர்கள் ஓட்டுகிறார்கள். நான் அவ்வளவு மோசமா?
— கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: தம்பி, முதலில் அந்த நண்பர்களைக் கணக்கு டியூஷனுக்கு அனுப்புங்கள். கியர் 20 சதவீதம் கூடினால் அடிக்கிற அடியும் கூடுகிறது, தாங்குகிற உயிரும் கூடுகிறது. இரண்டையும் பெருக்க வேண்டும், 1.2ஐ 1.2ஆல் பெருக்கினால் 1.44. நீங்கள் சமாளிக்க வேண்டியது 44 சதவீதம்.

எண் போட்டுப் பார்ப்போம். உங்களுக்கு உயிர் 1000, நொடிக்கு 100 அடி. அவனுக்கு உயிர் 1200, நொடிக்கு 120 அடி. இருவரும் நேருக்கு நேர் நின்று பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் அவன் உங்களை 8.3 நொடியில் முடித்துவிடுவான், உங்களுக்கோ அவனை முடிக்க 12 நொடி வேண்டும். நீங்கள் விழும்போது அவனிடம் இன்னும் 367 உயிர் பாக்கி இருக்கும், பக்கத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அவன் ஏதோ விளையாட்டாக ஜெயித்தது போலத் தெரியும், அதனால்தான் உங்களை நூப் என்கிறார்கள். நடுவில் இருக்கும் வித்தியாசம் 3.7 நொடி. திறமை திறமை என்கிறார்களே, இந்தச் சண்டையில் அது இந்த 3.7 நொடிதான். அவனுடைய நேரத்தில் அவ்வளவை வீணடித்தால் இருவரும் சமம், ஒரு துளி கூடுதலாக வீணடித்தால் ஜெயம் உங்களுக்கு. உங்கள் ஸ்டன் (எதிரியை அசையவிடாமல் உறையவைக்கும் அடி) 2 நொடி நிற்கும் என்று வையுங்கள், அவன் பெரிய அடி ஒன்றை ஓங்கும்போது சரியான நேரத்தில் நகர்ந்து அதைக் காற்றில் விழவைத்தால் இன்னொரு ஒன்றரை நொடி, அப்புறம் கொஞ்சம்தான் பாக்கி. கஷ்டம்தான், ஆனால் முடியும்.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. ஓடி ஒளிந்த நொடிகள் கணக்கில் சேராது, ஏனென்றால் வாள் வீரன் ஓடும்போது அவனும் அடிப்பதில்லை, நீங்களும் அடிப்பதில்லை. அவன் கை கட்டப்பட்டிருக்க, உங்கள் கை வேலை செய்ய வேண்டும். அந்த நொடிதான் லாபம்.

அதே கணக்கில் கியர் 50 சதவீதம் கூடுதல் என்றால் அவனுக்கு 6.7 நொடி போதும், உங்களுக்கு 15 நொடி வேண்டும், நீங்கள் 8.3 நொடியைத் திருட வேண்டும். அவனுக்குத் தேவைப்படும் நேரத்தைவிட அதிகம் அது. அவன் தூங்கி வழிந்தால்தான் உண்டு. கியர் இரட்டிப்பு என்றால் திருட வேண்டியது 15 நொடி, அங்கே சண்டையே போடாதீர்கள், வணக்கம் சொல்லிவிட்டு வேறு பக்கம் போங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்த முறை சண்டையை ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்து, அவன் எத்தனை நொடி உங்களை அடிக்க முடியாமல் இருந்தான் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றரை வந்திருந்தால் நீங்கள் நல்ல ஆட்டக்காரர், தோற்றது கியருக்கு. அரை நொடிதான் வந்தது என்றால்... நண்பர்கள் சொன்னதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. துப்பாக்கிக்கு ஏதோ ஸ்கின் வாங்க வேண்டுமாம், அது இல்லாவிட்டால் தோற்றுவிடுவேன் என்று 800 ரூபாய் கேட்கிறான். நிஜமா?
— ஆசிரியை, கொடைக்கானல்

பதில்: பொய் டீச்சர். வேலரன்ட், பிஜிஎம்ஐ மாதிரி துப்பாக்கி விளையாட்டுகளில் ஸ்கின் என்பது துப்பாக்கிக்குப் போடும் சட்டை, குண்டின் அடி ஒரு புள்ளி கூட ஏறாது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனால் பரீட்சையில் மார்க் கூடுமா என்று கேளுங்கள். ஆனால் ஒன்று, சில ஆர்பிஜிக்களில் காசுக்கு நிஜமாகவே பலம் விற்கிறார்கள், மேலே குன்னூர் தம்பியை அடித்தவன் வாங்கியது அதைத்தான். எந்த கேம் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அழகுக்காகத்தான் வேண்டும் என்று பையன் நேராகக் கேட்டால் அது வேறு பேச்சு, அதை நீங்களும் அவனும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வில்லாளி கிளாஸ் எடுத்து 3 மாதம் உழைத்தேன். மறைந்து வந்து முதுகில் குத்தும் அசாசின் ஒருவனிடம் பத்துக்கு எட்டு முறை தோற்கிறேன். கியர் சமம், லெவல் சமம். எல்லா கிளாஸையும் சமமாக வைக்க கம்பெனிக்கு ஏன் முடியவில்லை? நான் கிளாஸை மாற்றிவிடலாமா?
— கூடலூர் வாசகர்

பதில்: எல்லா கிளாஸும் எல்லா கிளாஸோடும் பாதிக்குப் பாதி ஜெயிக்கும்படி செய்யலாம், ரொம்ப சுலபம், எல்லோருக்கும் ஒரே கிளாஸைக் கொடுத்துச் சட்டை நிறத்தை மட்டும் மாற்றிவிட்டால் போதும். அதை யாரும் விளையாட மாட்டார்கள். கிளாஸ்கள் வித்தியாசமாக இருக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்ட அன்றைக்கே, யாரோ ஒருவன் உங்களுக்கு எமனாக இருக்கப் போகிறான் என்பதற்கும் சம்மதித்துவிட்டீர்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் எம்எம்ஓ கேம்களில் பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு ஒன்று சண்டையை வைத்துக் கிளாஸைச் சமப்படுத்துவதே இல்லை, கூட்டமாகப் போகும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

சமப்படுத்துவது எப்படிப்பட்ட வேலை என்று நம்ம ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2024இல் அரசு இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்வரை ஊட்டி ரேஸ் கோர்ஸில் கோடையில் குதிரைப் பந்தயம் நடந்ததே, அதில் ஹேண்டிகேப் பந்தயம் என்று ஒன்று உண்டு. நன்றாக ஓடும் குதிரையின் முதுகில் எடை கூடுதல், சுமாரான குதிரைக்கு எடை குறைவு. எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து கோட்டைத் தொட வேண்டும் என்பது எடை போடுகிறவரின் கனவு. போன பந்தயத்தில் ஜெயித்த குதிரைக்கு அடுத்த பந்தயத்தில் எடை ஏறும், கேம்காரர்கள் நெர்ஃப் என்று சொல்வது சாட்சாத் இதுதான். இதில் இருக்கும் குறையும் அதேதான்: குதிரை ஜெயித்த பிறகுதான் எடை ஏறும், அதற்குள் கட்டியவன் காசை வாங்கிக்கொண்டு போயிருப்பான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற எம்எம்ஓவில் 2008 நவம்பரில் டெத் நைட் என்ற புதுக் கிளாஸ் வந்தது, வந்த வேகத்தில் அரீனா என்ற சண்டை அரங்கில் திரும்பிய பக்கமெல்லாம் டெத் நைட், அப்புறம் பேட்ச் மேல் பேட்ச், அதாவது திருத்தம் மேல் திருத்தம், போட்டு எடையை ஏற்ற வேண்டியிருந்தது. அதுவரை அடி வாங்கியவர்களுக்கு யார் என்ன திருப்பிக் கொடுத்தார்கள்?

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது. ஒரே குதிரை, கற்றுக்குட்டி ஜாக்கி ஏறினால் ஒரு மாதிரி ஓடும், கைதேர்ந்தவர் ஏறினால் வேறு மாதிரி ஓடும். எந்த ஓட்டத்தைப் பார்த்து எடை போடுவது? லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் அசிர் என்று ஒரு பாத்திரம், சாதாரண ஆட்டக்காரர்கள் எடுத்தால் பாதிக்கு மேல் தோல்விதான், தொழில்முறை ஆட்டக்காரர் கையில் அதே அசிர் எமகாதகன். மேலே இருப்பவர்களுக்காகக் குறைத்தால் கீழே இருப்பவர்கள் அழுகிறார்கள், கீழே இருப்பவர்களுக்காக ஏற்றினால் மேலே போட்டியே நாசம். நீங்கள் எடுத்திருக்கும் வில்லாளியும் பல கேம்களில் இந்த வகைதான். வாள் வீரன் ஓடினால் நொடி வீண், வில்லாளி ஓடினால் ஓடும் ஒவ்வொரு நொடியும் லாபம், ஏனென்றால் ஓடிக்கொண்டே அடிக்கலாம். ஆனால் அதற்குக் கை பழக வேண்டும், அசாசினுக்கோ நாலு பட்டன் தெரிந்தால் போதும்.

கிளாஸை மாற்றுவதற்கு முன்னால் ஒரு விஷயம் செய்து பாருங்கள். அந்த அசாசின் கிளாஸை நீங்களே ஒரு வாரம் விளையாடுங்கள். முதல் குத்துக்குப் பிறகு அவன் கையில் எது இருக்காது, எத்தனை நொடி கழித்து மறுபடி மறைய முடியும் என்பதெல்லாம் கையாலேயே தெரிந்துவிடும். பத்துக்கு எட்டு தோல்வி பத்துக்கு ஆறாகக் குறைந்தால் மிச்சம் இருப்பது கிளாஸின் குற்றம், அதோடு சமாதானம் ஆகிவிடலாம்.

கேள்வி: கியரே இல்லாமல், எல்லோருக்கும் ஒரே பலம் கொடுத்துச் சண்டை வைத்தால் இந்தப் புலம்பலே இருக்காதே? வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், கியருக்காக மணிக்கணக்காக உட்கார எனக்கு நேரம் இல்லை.
— மென்பொருள் ஊழியர், கோத்தகிரி

பதில்: செய்து பார்த்துவிட்டார்கள். 2012இல் வந்த கில்ட் வார்ஸ் 2இல் சண்டைக்கென்றே இருக்கும் தனி அரங்குக்குள் நுழைந்தால் நேற்று சேர்ந்தவரும் லெவல் 80தான், கியர் பலமும் எல்லோருக்கும் ஒன்றுதான். உங்களுக்கு ஏற்றது அது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதில் ரொம்ப அல்லாடியது. 2007இல் அரீனாவைக் கொண்டுவந்தபோது சண்டைக்கென்றே ரெசிலியன்ஸ் என்று தனிக் கியர் பலம் வைத்தார்கள், அது இல்லாமல் புதிதாக உள்ளே போனவன் ஒவ்வொரு முறையும் செத்துச் செத்துத்தான் அதைச் சேர்க்க வேண்டியிருந்தது. 2016இல் லீஜன் என்ற புதுப் பதிப்பு வந்தபோது கியர் பலத்தைக் கிட்டத்தட்ட ஓரங்கட்டிவிட்டு, கேமே நிர்ணயித்த பலத்தோடு எல்லோருக்கும் ஒரு வார்ப்புரு போட்டார்கள். 2018இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஏன்? இத்தனை நாள் சேர்த்த கியர் உள்ளே போனால் எதற்கும் ஆகாது என்றால் எதற்காகச் சேர்க்க வேண்டும் என்று ஆட்டக்காரர்களே கேட்டார்கள். கியர் என்பது உட்கார்ந்த நேரத்துக்குக் கிடைத்த கூலி, கூலியை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

எனக்குப் பிடித்தது டோட்டா 2 வழி. ஒவ்வொரு ஆட்டத்திலும் எல்லோரும் வெறுங்கையோடு தொடங்குகிறார்கள், அந்த ஆட்டத்துக்குள்ளேயே சம்பாதித்து, அந்த ஆட்டத்துக்குள்ளேயே வாங்கி, முடிந்ததும் எல்லாம் போய்விடுகிறது. எதிரியிடம் நல்ல ஆயுதம் இருந்தால் அது அவன் கடந்த அரை மணி நேரம் உங்களைவிட நன்றாக ஆடினான் என்பதற்கு ரசீது. வயிற்றெரிச்சல் இருக்கும், ஆனால் புகார் சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் கில்டில் (கேமுக்குள் சேர்ந்து ஆடும் குழு) மூன்று பேர்தான், ஆனால் மூவரும் நல்ல ஆட்டக்காரர்கள். ஐந்து பேர் கொண்ட சுமாரான கில்டிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறோம்.
— தாண்டிக்குடி வாசகர்

பதில்: லான்செஸ்டர் என்று ஓர் ஆங்கிலேயப் பொறியாளர் முதல் உலகப் போர்க் காலத்திலேயே இதற்குக் கணக்கு எழுதி வைத்துவிட்டார். எல்லோரும் எல்லோரையும் குறிபார்த்து அடிக்க முடிகிற சண்டையில் கூட்டத்தின் பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கம். ஐந்துக்கு 25, மூன்றுக்கு 9. கழித்தால் 16, அதன் வர்க்கமூலம் 4. அதாவது ஆளுக்கு ஆள் சமம் என்றால் நீங்கள் மூவரும் விழும்போது அவர்களில் ஒருவன்தான் விழுந்திருப்பான். இதைச் சரிக்கட்ட உங்களில் ஒவ்வொருவரும் 2.8 மடங்கு பலம் காட்ட வேண்டும், கியரில் சொன்னால் அடியும் உயிரும் ஒவ்வொன்றும் 67 சதவீதம் கூடுதல். "நல்ல ஆட்டக்காரர்கள்" என்பது அவ்வளவு தூரம் எட்டாது.

வெட்டவெளியில் நிற்காதீர்கள். கல்லட்டி ரோட்டின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், கீழே எத்தனை வண்டி வரிசை கட்டி நின்றாலும் வளைவில் திரும்புவது ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். பாலம், வாசல், குகை வாய் எது கிடைத்தாலும் அங்கே போய் நில்லுங்கள், ஐவரில் இருவர் பின்னால் வேடிக்கை பார்க்கட்டும். அப்புறம் மூன்று பேரும் ஆளுக்கொருவனை அடிப்பதை நிறுத்துங்கள், ஒருவனையே மூவரும் அடியுங்கள், ஹீலர் (அடிபட்டவர்களுக்கு மருந்து போடுகிறவன்) இருந்தால் அவன்தான் முதல்.

கேள்வி: மழை பெய்தால் தோற்கிறேன், வெயிலடித்தால் ஜெயிக்கிறேன். இது திறமையா, நேரமா?
— ஓய்வில்லா விளையாட்டாளர், குந்தா

பதில்: பிங், அதாவது உங்கள் போனிலிருந்து கேமை நடத்தும் சர்வருக்குச் சேதி போய்த் திரும்பும் நேரம். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. நம் மலையிலிருந்து மும்பை சர்வருக்கு நேர்கோட்டிலேயே கிட்டத்தட்ட 950 கிலோமீட்டர், போய்த் திரும்ப 10 மில்லிசெகண்ட். சிங்கப்பூர் சர்வர் என்றால் 30. இதற்குக் கீழே எவ்வளவு காசு கட்டினாலும் எந்த பிளானும் இறங்காது, கேபிள் வேறு நேர்கோட்டில் போவதில்லை, அதனால் நிஜத்தில் இன்னும் கூடுதலாகத்தான் வரும்.

கண்ணால் பார்த்துக் கை அமுக்குவதற்கு மனிதனுக்குக் கால் நொடி, அதாவது 250 மில்லிசெகண்ட் ஆகும். எதிரி ஒன்றரை நொடி மந்திரம் ஓதுகிறான், அதை நடுவில் தடுக்க வேண்டும் என்றால் உங்கள் 250உடன் பிங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிங் 400 ஆனாலும் மொத்தம் 650தான், தடுத்துவிடலாம். ஆனால் 400 மில்லிசெகண்டுக்குள் நகர வேண்டிய அடி என்றால் பிங் 150ஐத் தாண்டியதும் கதை முடிந்தது, அது எந்தத் திறமையாலும் ஆகாத காரியம். இதைவிட மோசமானது பிங் குதிப்பது. 150இலேயே நின்றால் கை பழகிக்கொள்ளும், 60, 300, 90, 500 என்று ஆடினால் கைக்கு எதைப் பழக்குவது?

மலையில் சில டவர்கள் ஒன்றோடொன்று பேசுவது மைக்ரோவேவ் டிஷ் வழியாக, அடை மழையில் அந்த அலை வலுவிழக்கும். மழை நாளில் போன் நெட்டை நம்பாமல் வீட்டு ஃபைபர் இருந்தால் அதில் விளையாடுங்கள், கம்ப்யூட்டரில் என்றால் வைஃபையை விட்டுவிட்டுக் கேபிளைச் சொருகுங்கள், மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள். மழைக்காலத்துக்கென்றே ஒரு டாங்கோ (முன்னால் நின்று அடி தாங்குகிறவன்) ஹீலரோ வளர்த்து வைத்துக்கொள்வதும் நல்லது, அவர்களுக்கு அரை நொடி தாமதம் உயிர் போகிற விஷயம் இல்லை.

கேள்வி: எனக்கு வயது 71. பேரன் விளையாடுவதைப் பார்த்தால் யார் அதிகம் சேர்த்து வைத்திருக்கிறானோ அவன் ஜெயிப்பது போல இருக்கிறது. ஸ்நூக்கர் ஆடியவன் நான். எங்கள் ஆட்டத்தில் மேஜை ஒன்று, பந்து ஒன்று, ஆள்தான் வேறு. இதையெல்லாம் விளையாட்டு என்று சொல்லலாமா?
— ஓய்வுபெற்றவர், ஊட்டி

பதில்: வணக்கம் ஐயா. ஜபல்பூரில் 1875இல் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டத்துக்கு (பிற்பாடு பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்) 1882இல் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் எழுதி மாட்டப்பட்டன என்பது உங்களுக்குத் தெரியாததா. ஆனால் கிளப் ஆட்டங்களில் நன்றாக ஆடுகிறவர் எதிராளிக்கு 20, 30 பாயிண்ட் முன்கூட்டியே கொடுத்துத்தானே ஆடுவார்? ஆள் சமமில்லாதபோது எண்ணால் சமப்படுத்துவது உங்கள் மேஜையிலும் இருந்தது. இவர்கள் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏற்கனவே வலுத்தவனுக்கு மேலும் 30 பாயிண்ட் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் எரிச்சல் அதில் என்றால் நான் உங்கள் கட்சி.

செஸ்ஸில் 1970 முதல் உலக அமைப்பே பயன்படுத்தும் ஈலோ புள்ளி முறை இருக்கிறதே, 400 புள்ளி வித்தியாசம் என்றால் 11 ஆட்டத்தில் சராசரியாக 10 புள்ளி மேலே இருப்பவருக்கு என்று அது சொல்லும், அங்கே அந்த எண் முழுக்க ஆளுடையது. கேம்களிலும் இதே மாதிரி ரேட்டிங் போடுகிறார்கள், ஆனால் கியர் இருக்கும் கேமில் அந்த எண் ஆளும் ஆயுதமும் சேர்ந்த ஜோடியுடையது. பேரனிடம் எந்த கேம், கியர் உள்ளே செல்லுமா செல்லாதா என்று மட்டும் கேளுங்கள், அப்புறம் அவன் ரேட்டிங்கைப் பார்த்துப் பெருமைப்படலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

ஒரு பழைய கதையும் சொல்கிறேன். 2000களின் நடுவில் ஊட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுவோம். ஆறாம் நம்பர் சிஸ்டத்துக்கு மட்டும் ஆப்டிகல் மவுஸ், மற்றதெல்லாம் அடியில் பந்து உருளும் மவுஸ், டிசம்பர் குளிரில் விரலும் விறைத்துவிடும், பந்தும் சிக்கிக்கொள்ளும். ஆறாம் நம்பருக்காகக் காலையிலேயே வந்து உட்காருவான் ஒருவன். எங்களில் சிறந்த ஆட்டக்காரன் எதிலும் உட்காருவான், டீ டம்ளரில் கையைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து, அந்த அழுக்குப் பிடித்த பந்து மவுஸிலேயே எங்கள் எல்லோரையும் சுடுவான். ஆனால் அவனுக்குச் சமமாக இன்னொருவன் வந்து சேர்ந்தான் பாருங்கள், அன்றிலிருந்து இவர்கள் இருவருக்கும் ஆறாம் நம்பரில் யார் உட்காருவது என்பதில்தான் சண்டை. எங்களுக்கு மவுஸ் எதுவாக இருந்தும் ஒன்றுதான், எப்படியும் சாகத்தான் போகிறோம்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் என்ன கிளாஸ்? எத்தனை ஜெயிப்பீர்கள்?
— கேத்தி வாசகி

பதில்: ஹீலர் அம்மா. நாற்பது தாண்டியபின் கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, பின்னால் நின்று மருந்து போடுவதோடு சரி. போன வாரம் 11 சண்டையில் 4 ஜெயித்தேன். அதில் இரண்டில் எதிர் அணியில் ஒருவருக்குக் கரண்ட் போய்விட்டது.